முதுகில் ஒட்டிப் பார்த்து, கீழே இருந்த அரிப்புக்குக் காரணம் சொன்ன சோதனை

விதைப்பையிலும் தொடை இடுக்கிலும் மாதக்கணக்கில் அரிப்பு. எந்தக் களிம்பு போட்டாலும் நாலு நாள் அடங்கி, மறுபடி முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இப்படி அவதிப்படுகிற ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விமர்சனம் செய்யப் போவது 'பேட்ச் டெஸ்ட்' என்கிற ஒவ்வாமைச் சோதனையை. கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் எடுத்துக்கொண்டேன். சில குறைகளையும் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. பெரிய தோல் பிரிவு உள்ள மற்ற இடங்களிலும் இந்தச் சோதனை உண்டு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நாற்பது தாண்டிவிட்டது. பக்கத்திலேயே அயர்னிங் டேபிள்கள், நீராவி, நாள் முழுக்க நின்றபடி வேலை. மதியத்துக்குள் இடுப்புக்குக் கீழே துணி நனைந்துவிடும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இடுக்கில் அரிப்பு வந்தால் படர்தாமரை என்பதுதான் முதல் பேச்சு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

மெடிக்கலில் போய் விஷயத்தைச் சொன்னால், மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லாமல் ட்யூப் ஒன்று வரும். "ராத்திரி போட்டுட்டுப் படுங்கண்ணா, காலைல சரியாயிரும்" என்று கொடுத்தார்கள். அவர்கள் சொன்னபடியே காலையில் சரியாகவும் இருந்தது. அந்த ட்யூபின் பின்பக்கத்தை எல்லோரும் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் இருந்ததில் எழுதியிருந்தது: குளோபெட்டசால் 0.05 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம், நியோமைசின் 0.5 சதவீதம். முதலாவது ஸ்டீராய்டு, அதிலும் மிக வீரியமான வகை. இரண்டாவது பூஞ்சைக்கு. மூன்றாவது பாக்டீரியாவுக்கு. என்ன நோய் என்றே பார்க்காமல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018ல் மத்திய அரசு அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இன்றைக்கும் பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்குகிற மாதிரி வாங்க முடிகிறது. இதில் எனக்கு இருக்கும் கோபம் சின்னது இல்லை.

ஏன் கோபம் என்றால், அந்த இடத்துத் தோல் வேறு. 1967ல் அமெரிக்காவில் ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இரண்டு மருத்துவர்கள் உடம்பின் ஒவ்வொரு பகுதியும் ஸ்டீராய்டை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். முன்கையோடு ஒப்பிட்டால் விதைப்பைத் தோல் 42 மடங்கு உறிஞ்சியது. கையில் போட வேண்டிய களிம்பையே அங்கே போட்டால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் விரிந்து, விதைப்பை பழுத்த தக்காளி நிறத்துக்கு வந்துவிடும். களிம்பை நிறுத்தினால் எரியும், அந்த எரிச்சலுக்கு மறுபடி களிம்பு. எனக்கு அதுதான் ஆனது. பைக் சீட்டில் உட்கார்ந்தால் எரியும், ஜட்டி உரசினால் எரியும், ராத்திரி மின்விசிறிக்கு நேராக லுங்கியைத் தளர்த்திவிட்டுப் படுத்தால்தான் கண் அசரும்.

தோல் பிரிவுக்குப் போவதற்கு ஆண்களுக்கு இருக்கும் தடை பெரும்பாலும் அந்தப் போர்டுதான். 'தோல் மற்றும் பால்வினை நோய்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே நிற்பவர்கள் எல்லோரும் போனைக் குனிந்து பார்த்தபடி நிற்பார்கள். தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. உள்ளே இருந்தது பெண் மருத்துவர், கூடவே நாலைந்து மாணவர்கள். திரைச்சீலை முழுசாக மூடவில்லை. இதை அந்த மருத்துவமனை கண்டிப்பாகச் சரிசெய்ய வேண்டும். காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு போனவர்கள் அந்தத் திரையைப் பார்த்ததுமே பாதி விஷயத்தை மறைத்துவிடுவார்கள். நான் கேட்டதும் மருத்துவர் மாணவர்களில் ஒருவரை மட்டும் நிற்கச் சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்பினார். கேட்டால் செய்கிறார்கள். அதனால் தயங்காமல் கேளுங்கள்.

"கூச்சப்படாதீங்க, நாங்க தினமும் பாக்கறதுதான்" என்றார். பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கீழே மட்டும் பார்க்கவில்லை. முழங்கை, தலை, நகம் என்று பார்த்தார், சொரியாசிஸ் இருக்கிறதா என்று. விரல் இடுக்குகளைப் பார்த்தார், சிரங்கு இருக்கிறதா என்று. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா, சர்க்கரை உண்டா, அதற்கு என்ன மாத்திரை என்று கேட்டார். சர்க்கரை மாத்திரையை ஏன் கேட்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: டாபாகிளிஃப்ளோசின் மாதிரியான மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன, அதனால் சிலருக்கு ஆணுறுப்பின் முன்தோலில் பூஞ்சை வந்து வெடிப்பு விழும். எங்கள் கட்டிங் பிரிவில் ஒரு அண்ணனுக்கு இருந்த தொல்லை அதுதான். அவருக்கு பேட்ச் டெஸ்டே தேவைப்படவில்லை. சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, பூஞ்சைக்குச் சிகிச்சை செய்ததும் அடங்கிவிட்டது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்குத் தோலை மழுங்கிய பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை இல்லை. ஸ்டீராய்டு போட்டிருந்தால் பூஞ்சைத் தொற்றின் தோற்றமே மாறி ஏமாற்றிவிடும் என்பதால், களிம்பை நிறுத்தி, இடைவெளி விட்டு மறுபடி சுரண்டிப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளும் எடுக்கச் சொன்னார். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. அதிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. என் சம்சாரத்துக்கு அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது. என்மேல் சந்தேகம் என்று இல்லை, என்னவோ பெரிய நோய் என்ற பயம் அவருக்கு.

அதற்கப்புறம் மருத்துவர் சொன்னதுதான் முக்கியம். "இடுப்புக்குக் கீழ படற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க." கொண்டு போனேன். மேசைமேல் பரப்பினால் எனக்கே மலைப்பாக இருந்தது. ஆன்டிசெப்டிக் சோப்பு, குளிக்கிற தண்ணீரில் ஊற்றுகிற ஆன்டிசெப்டிக் லோஷன், வியர்க்குரு பவுடர், பாடி ஸ்ப்ரே, வெட் டிஷ்யூ, துணி அலசும்போது கடைசியில் ஊற்றுகிற வாசனைக் கண்டிஷனர், மாமியார் அரைத்துக் கொடுத்த குப்பைமேனிச் சாறு இருந்த கிண்ணம், அப்புறம் மூன்று வகை ட்யூப். அரிப்பு வந்தால் அழுக்கு என்று நினைத்து நாம் அதிகமாகக் கழுவுவோம், அதிகமாகப் பூசுவோம். அந்த மெல்லிய தோல் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்படுகிறது.

இனி சோதனைக்கு வருகிறேன். 1895ல் யோசெஃப் யாடாசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது, அடிப்படை இன்னும் மாறவில்லை. சந்தேகப்படும் பொருளைத் தோலில் மூடி ஒட்டிவைத்து, அந்த இடத்தில் சிவந்து தடிக்கிறதா என்று பார்ப்பது. எங்கே அரிக்கிறதோ அங்கே ஒட்டுவதில்லை, முதுகில் ஒட்டுகிறார்கள். ஒவ்வாமை ரத்தத்தில் ஓடும் நோயெதிர்ப்பு அணுக்களின் நினைவில் இருப்பதால் முதுகுத் தோலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு ஞாபகம்: பிளாஸ்டரில் வரிசையாகச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், சட்டைப் பொத்தான் அகலம்தான் ஒவ்வொன்றும். லேப் தம்பி ஊசி இல்லாத சிரிஞ்சுகளிலிருந்து ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கீற்று மருந்தை வைத்துக்கொண்டே போனார். ஊசி குத்துவது கிடையாது, வலி கிடையாது. இந்தியாவுக்கென்று வகுத்த பொருள் வரிசையில் நிக்கல், குரோமியம், ரப்பர் பதப்படுத்தும் ரசாயனங்கள், முடிச்சாயத்தில் உள்ள பி.பி.டி., வாசனைக் கலவை, நியோமைசின், புண்ணுக்குப் போடும் நைட்ரோஃபுராசோன், களிம்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென் எல்லாம் உண்டு. ரோட்டோரம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் உண்டு. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த உடுமலைப்பக்கத்து விவசாயி ஒருவருக்கு முகமும் கழுத்தும் கருத்துத் தடித்துப் போயிருந்தன. அவருக்கு அந்த ஒரு கிண்ணத்துக்கு நேரே கொப்புளமே வந்திருந்தது. பூச்சிமருந்துதான் காரணம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததாம்.

திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை எடுப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது. எனக்கு அந்த இரண்டு நாளும் கம்பெனியில் லீவு. இடுப்புக்குக் கீழே குளித்து, மேலே ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டேன். பிளாஸ்டர் ஓரமெல்லாம் நமைக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தபின் ஒவ்வொரு கிண்ணத்தின் இடத்தையும் பேனாவால் குறித்துவைப்பார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள். ஒரு கூட்டல்குறி என்றால் லேசான ஒவ்வாமை, மூன்று என்றால் கடுமை.

புதனன்று எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. வெள்ளியன்று வாசனைக் கலவைக்கு ஒரு கூட்டல். நியோமைசின் இடத்தில் மங்கலான சிவப்பு, சொல்லவும் முடியாது தள்ளவும் முடியாது. இங்கே மருத்துவர் செய்தது எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். "நியோமைசின் லேட்டாத்தான் காட்டும், அடுத்த திங்கள் ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்றார். திருப்பூரிலிருந்து இன்னொரு லீவு போட்டுப் போக அலுப்பாகத்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை போனில் படம் எடுத்துக் காட்டினார்: நியோமைசின் கிண்ணம் இருந்த இடத்தில் விளிம்பு தெளிவாக ஒரு வட்டம், சிவந்து தடித்து, மேலே பொடிப்பொடியாகக் கொப்புளம். இரண்டு கூட்டல். சுற்றிலும் இருந்த மற்ற குறிகள் எல்லாம் சுத்தமான தோல். வெள்ளிக்கிழமையோடு முடித்திருந்தால் பாதி விடைதான் கிடைத்திருக்கும். பேட்ச் டெஸ்ட் எடுப்பவர்கள் ஒரு வாரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிப்புக்கு என்று போட்ட ட்யூபிலேயே அரிப்புக்கான காரணம் இருந்தது. அதில் இருந்த நியோமைசின் ஒவ்வாமையைத் தூண்டுகிறது, அதே ட்யூபில் இருந்த ஸ்டீராய்டு அந்த ஒவ்வாமையை அமுக்கிவைக்கிறது. போட்டுக்கொண்டிருக்கும்வரை தெரியாது. நிறுத்திய இரண்டாம் நாள் கிளம்பும். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை மாதம் என் உடம்பில் என்னவோ சுத்தமில்லை என்று நினைத்துக் குறுகிப்போயிருந்தேன்.

ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலை அச்சடித்த ஓர் அட்டை கொடுத்தார்கள், பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். நியோமைசின் ஆகாது என்றால், வெட்டுக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் வீட்டில் வைத்திருக்கும் ஃப்ராமைசெடின் களிம்பும் ஆகாது. இரண்டும் ஒரே குடும்பம். சில காது சொட்டு மருந்திலும் கண் சொட்டு மருந்திலும் நியோமைசின் இருக்கிறது. வாசனைக் கலவை என்பது எட்டுப் பொருள் சேர்ந்தது, கிராம்பில் இருக்கும் யூஜெனாலும் பட்டையில் இருக்கும் சின்னமாலும் அதில் அடக்கம். எனக்கு வந்தது தோலில் படுவதால் வருகிற ஒவ்வாமை, பிரியாணி சாப்பிடத் தடையில்லை என்றார் மருத்துவர். சோப்பு, பவுடர், துணிக் கண்டிஷனர் மூன்றையும் வாசனை இல்லாததாக மாற்றச் சொன்னார்.

பேட்ச் டெஸ்ட் காரணத்தைச் சொல்லும், குணப்படுத்தாது. முடிவு வந்த மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். ஒவ்வாமை அரிப்பு சில வாரங்களில் ஓய்ந்தது. ஸ்டீராய்டால் வந்த சிவப்பும் எரிச்சலும் மாதக்கணக்கில் இழுத்தன. அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையும், ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் எழுதிக் கொடுத்தார். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் போட்டவுடன் மிளகாய் பட்ட மாதிரி காந்தும், முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினேன். இதெல்லாம் எனக்கு எழுதியது. என் பெயரைச் சொல்லி மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். சிலருக்குச் சோதனையில் எதுவுமே வராது, நரம்பு சம்பந்தப்பட்ட எரிச்சலாக இருக்கும், அதற்கு வைத்தியம் வேறு. ஆறாத புண், கட்டி, வெள்ளையாகித் தடித்து இறுகும் தோல், முன்தோல் பின்னுக்குப் போகாமல் இறுகுவது, இதெல்லாம் இருந்தால் ஒவ்வாமைச் சோதனைக்கு வரிசையில் நிற்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டிய நோய்களும் அங்கே வரும்.

கூடவே வாங்கிப் பயன்படுத்திய பொருள்களில் எனக்கு உண்மையில் உழைத்தது வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. விலையும் குறைவு, அதில் ஒவ்வாமை தருகிற எதுவும் அநேகமாக இல்லை. குளித்துத் துடைத்த கையோடு மெல்லிசாகத் தடவினால் உரசல் நின்றுவிடும். லுங்கியில் கறை பிடிக்கும், அது ஒன்றுதான் குறை. கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும் என்றார், சோப்பே வேண்டாம். எரிச்சல் தாங்காத ராத்திரிகளில் பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் மேலே போட்டுக்கொள்வேன். கலமைன் லோஷன் எனக்கு வறட்சியைத்தான் கூட்டியது. குப்பைமேனி, எலுமிச்சை, வேப்பெண்ணெய் எதுவும் அந்த இடத்துக்கு வேண்டாம். மாமியாரிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டேன்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அது என் தொழில். ரப்பர் ரசாயனங்கள் எனக்கு நெகடிவ் என்று வந்ததால் எலாஸ்டிக் பிரச்சினை இல்லை. உங்களுக்கு அது பாசிடிவ் என்றால் எலாஸ்டிக் நேராகத் தோலில் படுகிற ஜட்டியைத் தவிர்த்து, துணிக்குள் மூடித் தைத்ததை வாங்குங்கள், அல்லது நாடா வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். லைக்ரா கலந்து உடம்போடு ஒட்டுகிற வகை, பார்க்க நன்றாக இருந்தாலும் வியர்வையை அங்கேயே தேக்கும். நான் தளர்வான பாப்ளின் டிரவுசருக்கு மாறிவிட்டேன், நூறு சதவீதம் பருத்தி, வெள்ளை அல்லது வெளிர் நிறம். புதுத் துணியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள். தொட்டால் மெத்தென்று இருப்பதற்காக ஃபினிஷிங்கில் சாஃப்ட்னர் போட்டுத்தான் பெரும்பாலும் அனுப்புகிறோம். இரண்டு தடவை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். வீட்டில் துவைக்கும்போது சோப்புத்தூள் போக நன்றாக அலசுவதுதான் பெரிய வேலை. வாஷிங் மெஷினில் கூடுதல் அலசலுக்கு ஒரு பட்டன் இருக்கும், என் சம்சாரம் என் உள்ளாடைகளை மட்டும் தனியாகப் போட்டு அந்தப் பட்டனை அழுத்துகிறார்.

செலவு, சோதனைக்கு மட்டும் 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. பஸ், லீவுச் சம்பளம் தனி. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரித்துப் பாருங்கள், பேட்ச் டெஸ்ட் இருந்தால் அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. காத்திருப்புதான் கொடுமை, சீட்டு வாங்கி உள்ளே போக மதியம் ஆகிவிட்டது. முன்பதிவு வசதி இந்தச் சோதனைக்காவது இருக்க வேண்டும்.

போவதாக இருந்தால் சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். வியர்த்துப் பிளாஸ்டர் கழன்றால் எல்லாம் வீண், மார்கழி, தை வசதி. ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சோதனை முடிவை அது மறைத்துவிடும். பேனா மை ஒட்டும் என்பதால் முன்பக்கம் பொத்தான் வைத்த பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். பயன்படுத்துகிற ட்யூப், சோப்பு, பவுடர் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியோடு எடுத்துப் போங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த அட்டையில்தான் பொடி எழுத்தில் இருக்கும்.